அப்பாவின் கண்மாய்ச் சொற்கள் திரும்பக் கிடைத்தன – உதவிய எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்கு மானாமதுரையில் எங்கள் வீட்டு முன்னறையில் அந்தப் பழைய பென்டியம் டூ மடிக்கணினியில் விண்டோஸ் 98 எழுந்து, அதில் பக்கம் கட்டுகிற பேஜ்மேக்கர் 6.5 திறந்து, அதற்குள் அப்பா தட்டச்சு செய்து வைத்திருந்த, கண்மாய் (எங்கள் பக்கத்துப் பாசன ஏரி) பற்றிய சொல் தொகுப்பின் முதல் பக்கம் தமிழில் வந்தது. கட்டம் கட்டமாகவோ ரோமன் எழுத்துக் குப்பையாகவோ வரவில்லை, படிக்கிற தமிழாகவே வந்தது. இதற்காக நான்கு மாதமாக ஊர் ஊராகப் போன் போட்டிருக்கிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனால் உங்களில் ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது, அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா பள்ளி ஆசிரியராக இருந்தவர். மாலையில் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருந்தார், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள் என்று. 1997இல் ஆரம்பித்து ஐந்தாறு வருடம், விடுமுறை கிடைத்தால் போதும், சைக்கிளை எடுத்துக்கொண்டு சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்க் கரைகளுக்குப் போய்விடுவார். வயல்களுக்கு நீர் பாய்ச்சுகிற நீர்க்கட்டிகள், மீன் பிடிக்கிறவர்கள், மடை திறக்கிற குடும்பத்துப் பெரியவர்கள் என்று ஆட்களைத் தேடிப் பிடித்துச் சொற்களைக் கேட்டு எழுதுவார். கலுங்கு (மிகை நீர் வழிகிற இடம்), மடை, குமிழி (கண்மாய்க்குள் இருக்கிற மதகு) மாதிரி பலருக்கும் தெரிந்தவை அதில் கொஞ்சம்தான். இரண்டு கண்மாய் தள்ளிப் போனால் ஒரே பொருளுக்கு வேறு பேர் இருக்கும், அதையும் ஊர்ப் பேரோடு குறித்து வைத்தார். அந்தக் கையெழுத்து நோட்டுகளைக் கரையான் அரித்துவிட்டது. அவருக்குச் சொன்ன பெரியவர்களில் அநேகமாக யாரும் இப்போது இல்லை. மிச்சம் இருந்தது அந்த மடிக்கணினிக்குள் இருந்த பதினான்கு கோப்புகள் மட்டும்தான்.

"கோப்பை எடுத்துப் புதுக் கணினியில் திறக்க வேண்டியதுதானே" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்துவிட்டது, ஆனால் விண்டோஸில் அது விண்டோஸ் 2000ஓடுதான் வந்தது. அதுவரைக்கும் டிடிபி கடைகளில் ஓடியது எல்லாம் ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியாக்கம், அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற கணக்கு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்று இரண்டு பொதுக் குறியாக்கத் தரங்கள் வந்தன, அப்பாவின் மென்பொருள் அதற்கும் முந்தியது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் தலையில் கொம்பு வைத்த ரோமன் எழுத்துகள்தான் தெரியும். எழுத்துருவை மட்டும் எடுத்துப் போடலாம் என்றால் அதற்கும் ஒரு பூட்டு. பிரிண்டர் சொருகுகிற 25 முள் போர்ட்டில் டாங்கிள் என்கிற சின்னப் பூட்டுச் சாவி ஒன்றை மாட்டினால்தான் அந்த மென்பொருள் தமிழ் எழுத்தைக் காட்டும். இப்போதைய கணினிகளில் பெரும்பாலும் அந்தப் போர்ட்டே கிடையாது. யுஎஸ்பியில் மாட்டுகிற மாற்றுக் கேபிள் ஒன்று வாங்கிப் பார்த்தேன், அது பிரிண்டரோடு பேசுமே தவிர டாங்கிளோடு பேசாது. ஆக டாங்கிள் வேண்டும், டாங்கிளுக்கு அந்தப் போர்ட் வேண்டும், எங்கள் வீட்டில் அந்தப் போர்ட் இருந்த ஒரே கணினி சாகக் கிடந்த அந்த மடிக்கணினிதான்.

அது எந்த நிலையில் இருந்தது என்றால், போட்டதும் ஒரு நிமிடம் சிவப்பாக மங்கி அப்புறம் திரை இருண்டுவிடும். ஹார்ட் டிஸ்க் டக் டக் என்று அடிக்கும். ஃப்ளாப்பி டிரைவ் சுற்றும், படிக்காது. சிடி டிரைவ் சுற்றவே செய்யாது. தேதி காக்கிற சின்ன பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை போடும்போதும் 161, 163 என்று இரண்டு எண்களைக் காட்டி நின்றுவிடும்.

ஈரோட்டு அக்கா, முதல் நன்றி உங்களுக்குத்தான், ஏனென்றால் நீங்கள் அன்றைக்குப் போனில் "அதைத் திரும்ப ஆன் பண்ணாதீங்க தம்பி, கையை எடுங்க" என்று சத்தம் போடாமல் இருந்திருந்தால் நான் இன்னும் பத்து முறை ஆன் செய்து பார்த்திருப்பேன், ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழல்கிற தட்டும் மொத்தமாகப் போயிருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஸ்பாஞ்சில் சுற்றி, நேரில் கொண்டுவரச் சொன்னீர்கள். லினக்ஸில் பழுதான டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கிற டிடிரெஸ்க்யூவைப் போட்டு, முதல் சுற்றில் சண்டித்தனம் பண்ணாமல் வருகிற பகுதிகளை மட்டும் அள்ளிக்கொண்டு, அடம் பிடிக்கிற இடங்களைக் கடைசிக்கு ஒதுக்கி, டிஸ்க் சூடானால் நிறுத்தி, ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கி, இரண்டு ராத்திரி உட்கார்ந்தீர்கள். யாரோ சொன்னார்கள் என்று ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்க்கலாமா என்று நான் கேட்டதற்கு, உள்ளே நீர் கோத்தால் படிக்கிற தலையும் தட்டும் ஒட்டிக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினீர்கள். 6.4 ஜிபியில் மூன்று எம்பி கூட இழப்பில்லை. அந்த இழப்பில் பாதி விண்டோஸின் மேல் விழுந்தது, அதனால் அப்படியே எழுப்ப முடியாது, எல்லாவற்றையும் புதிதாக நிறுவ வேண்டும் என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. பதினான்கில் பதின்மூன்று கோப்புகள் முழுசாக வந்தன. காசு வாங்க மாட்டேன் என்றீர்கள். அம்மா கொடுத்த கருப்பட்டியை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

சென்னை ரிச்சி தெரு மின்னணுக் கடைத் தம்பிக்கு அடுத்து. பழைய கணினிகளில் மாட்டுகிற ஐடிஇ வகை ஹார்ட் டிஸ்க் கேட்டு நான் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது நீதான் கூப்பிட்டு, "அண்ணே, செத்ததுக்குப் பதில் இன்னொரு சாகப்போறதை ஏன் வாங்குறீங்க" என்று கேட்டாய். கேமராக்களில் முன்பு போட்ட காம்பாக்ட் ஃப்ளாஷ் அட்டையும் ஐடிஇ மொழிதான் பேசும், நடுவில் முள்ளை முள்ளோடு இணைக்கிற ஒரு சின்னப் பலகை போதும், 44 முள்ளில் கடைசி நான்கில் மின்சாரமும் வந்துவிடும் என்று காட்டினாய். அந்தக் காலத்து பயாஸ் (கணினியை முதலில் எழுப்புகிற உள் நிரல்) பெரிய அட்டையைக் கண்டு திணறக்கூடும் என்று யோசித்து 4 ஜிபியே போதும் என்றாய். அதோடு விடாமல், மடிக்கணினிப் பக்கத்தில் அட்டை சொருகுகிற பிசிஎம்சிஐஏ துளையில் அதே அட்டையைச் சொருகுகிற உறை ஒன்றைப் பெட்டிக்கு அடியிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தாய். விண்டோஸ் 98க்கு பென் டிரைவைத் தானாக அடையாளம் தெரியாது, அந்த உறையைத் தெரியும். கோப்புகளை எல்லாம் பிறகு அதில்தான் ஏற்றினேன். உன்னிடம் அந்த உறைக்குக் காசு கொடுக்கவில்லை என்று ரயில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது, போன் செய்தால் சிரிக்கிறாய்.

எங்கள் தெரு வாட்ச் கடை அண்ணனை இங்கே எல்லோருக்கும் அறிமுகப்படுத்த வேண்டும். தேதி பேட்டரி காசு மாதிரி வட்டமானது, இரண்டு ஒயரோடு ஒரு சின்ன சொருகியில் முடியும். நேராக அதன் மேல் ஈயம் பற்றவைத்தால் சூட்டில் வெடிக்கலாம் என்று, ஏற்கெனவே தகடு ஒட்டிய பேட்டரியை மதுரையிலிருந்து வரவழைத்து, பழைய ஒயரை அந்தத் தகட்டில் பற்றவைத்து, உறை போட்டுக் கொடுத்தார். 161ம் 163ம் அன்றோடு போயின. திரைக்கு அவர்தான் முதல் வழி சொன்னார், டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார் என்று. பார்த்தால் எழுத்தெல்லாம் மங்கலாக இருக்கிறது! செத்தது பின்னால் இருக்கிற விளக்குக் குழல் மட்டும்தான், படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. மூடிப்போன பிரவுசிங் சென்டர்க்கார மாமா தன் வீட்டுப் பரணிலிருந்து ஒரு மானிட்டரை இறக்கிக் கொடுத்தார், எஃப்என் விசையோடு எஃப்7ஐ அழுத்தியதும் அதில் பளிச்சென்று வந்தது.

இனி எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த பகுதி. யுஎஸ்பி கார்டு ரீடரில் அட்டையைப் போட்டு, என் கணினியிலேயே அட்டையைப் பகுதி பிரித்து, எழுப்புவதற்கான டாஸ் கோப்புகளை ஏற்றிக் கொண்டுவந்து மாட்டினேன். கர்சர் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே நின்றது. நான்கு முறை செய்தேன், நான்கு முறையும் அதேதான். தென்காசி ஐயா, நீங்கள் ஓய்வு பெற்ற கணினி ஆசிரியர், நான் உங்களிடம் படித்தவன்கூட இல்லை, யாரோ ஒருவர் நம்பர் கொடுத்து ராத்திரி ஒன்பது மணிக்குக் கூப்பிட்டேன். நீங்கள் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். ஒரே அட்டையைக் கார்டு ரீடர் ஒரு கணக்கில் தலை, தடம் என்று பிரித்துப் பார்க்கிறது, மடிக்கணினியின் பயாஸ் வேறு கணக்கில் பார்க்கிறது, அதனால் எழுப்புகிற நிரல் தவறான இடத்தில் போய்த் தேடுகிறது, பிரிப்பதை அந்த மடிக்கணினிக்குள்ளேயே செய் என்றீர்கள். செய்வதற்கு ஃப்ளாப்பி டிரைவ் வேலை செய்ய வேண்டுமே என்றேன். "அதுக்கு ஒரு ஆள் இருக்கார்" என்று கோயம்புத்தூர்க்காரரின் எண்ணைக் கொடுத்தீர்கள்.

கோவை ஐயா, முன்பின் தெரியாத ஒருவனுக்கு, இனிமேல் எங்கும் சுலபமாகக் கிடைக்காத ஃப்ளாப்பி டிரைவை, அதுவும் அதே மாடலுக்குப் பொருந்துகிற டிரைவை, இரண்டு துண்டு தெர்மோகோலுக்கு நடுவில் வைத்து பஸ் பார்சலில் அனுப்பினீர்களே. கூடவே விண்டோஸ் 98 எழுப்புகிற ஃப்ளாப்பி ஒன்று. அதில் பகுதி பிரிக்கிற நிரலான எஃப்டிஸ்க்கைத் தட்டி, பகுதியைப் பிரித்து, அதை ஆக்டிவ் (எழும் பகுதி) ஆக்கி, ஃபார்மட் செய்து, மறுபடி போட்டேன். சி: என்று வந்து நின்றது. அந்த இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்தார்.

அப்புறம் தென்காசி ஐயா சொன்னபடி விண்டோஸ் 98 சிடியில் நிறுவும் கோப்புகள் இருக்கிற ஃபோல்டரை அப்படியே அட்டையில் ஏற்றி, அங்கிருந்தே செட்டப்பை ஓட்டினேன். பிறகு எந்த டிரைவருக்காக அது சிடி கேட்டாலும் அந்த ஃபோல்டரையே காட்டிவிடலாம், சிடி டிரைவே தேவையில்லை. உரிமச் சாவியின் இருபத்தைந்து எழுத்துகளை அடியில் இருந்த தேய்ந்த ஸ்டிக்கரிலிருந்து அப்பாதான் வாசித்தார், வாட்ச் கடை அண்ணனின் லென்ஸை வைத்துக்கொண்டு.

சிவகாசி அக்கா, உங்கள் உதவி இல்லாவிட்டால் இத்தனையும் செய்து கடைசிப் படியில் நின்றிருப்போம். தமிழ் மென்பொருள் மூன்று ஃப்ளாப்பியில் இருந்தது. மூடியை நகர்த்திப் பார்த்தால் கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம். அப்படியே டிரைவில் போட்டிருந்தால் இரவல் வாங்கிய டிரைவின் தலை கீறிப் பாழாகியிருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டு, தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றித் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகுதான் போட்டேன். இரண்டு படித்தன, மூன்றாவது நடுவில் நின்றது. அச்சகத்தில் முப்பது வருடம் பக்கம் கட்டிய நீங்கள் அதே பதிப்பின் மூன்றாவது ஃப்ளாப்பியைப் பிஸ்கட் டப்பாவில் அரிசிக்குள் வைத்துக் காப்பாற்றி வைத்திருந்தீர்கள். எங்களிடம் டாங்கிள் இருக்கிறது என்பதைப் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பிரதி கொடுத்தீர்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

ஞாயிறு இரவு முதல் பக்கம் வந்ததும் அப்பா ஒன்றும் பேசவில்லை. "கலுங்கு" என்ற பதிவுக்கு உருட்டச் சொன்னார், படித்தார், ஒரு ஊர்ப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று கீபோர்டை இழுத்துத் திருத்தினார். பழைய தட்டச்சு விசைப்பலகை முறையில் அவர் விரல் தடுமாறவே இல்லை.

காரைக்குடியில் படிக்கிற தங்கச்சி, உன் வேலை இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் நன்றி சொல்கிறேன். பழைய எழுத்துருவில் "கொ" மாதிரி எழுத்துக்குக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் ஒற்றைக்கொம்பு முதலில், மெய் பிறகு, கால் அதற்கும் பிறகு. யூனிகோடில் மெய் முதலில் வர வேண்டும். அதைப் புரட்டிப் போடுகிற நிரலை இரண்டே நாளில் எழுதிவிட்டாய். ஔகாரத்தின் வால் பழைய எழுத்துருவில் சாதாரண ளகரம்தான் என்பதால் "கெளிறு" மீனெல்லாம் முதல் ஓட்டத்தில் "கௌ" என்று உடைந்து வந்ததை நீயே கண்டுபிடித்து, ளகரத்துக்குப் பின்னால் இகரக் கொக்கி வந்தால் தொடாதே என்று விதி சேர்த்தாய். கண்மாய் மீன் பெயர்களில் அது இல்லாமல் முடியாது என்று அப்பா சொல்லச் சொன்னார்.

மீதி இருப்பது ஒன்று. வராமல் போன பதினான்காவது கோப்பு மடைகள் பற்றியது, கிட்டத்தட்ட முப்பது பக்கம். அதன் பிரதி ஒரு ஃப்ளாப்பியில் இருப்பதாக அப்பா சொல்கிறார், பரணில் பூசணம் பிடித்த ஃப்ளாப்பிகள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருக்கின்றன, ஒரு நாளைக்கு நாலு என்று துடைத்துக்கொண்டிருக்கிறேன். கோவை ஐயா, டிரைவைப் போன வாரமே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். பெட்டி தீர்கிற வரை வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். நேற்று வரை பதினாறு முடிந்திருக்கிறது.