கடலடியில் தொடங்கிய கீட்டோ

அன்பு சேகர்,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி, அவளிடம் சொல். சோற்றை விட்டுவிட்டு, மாவுச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் கீட்டோ உணவுக்கு மாறப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

நீ சொன்ன டொமினிக் டி'அகஸ்டினோவின் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்காரர். மனிதர் எடை குறைப்பு வழியாக இதற்குள் வரவே இல்லை! அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பு வீரர்கள் சிலர் வெளியே குமிழி விடாத கருவியில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கிறார்கள். ஆழம் கூடினால் அந்த ஆக்சிஜனே மூளைக்கு நஞ்சாகி, சொல்லாமல் கொள்ளாமல் வலிப்பு வந்துவிடும், தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் அப்புறம் கதை முடிந்தது. வலிப்புள்ள குழந்தைகளுக்கு 1920களிலிருந்தே கீட்டோ உணவு கொடுக்கிறார்கள் அல்லவா, அந்த உணவால் உடல் கொழுப்பிலிருந்து உண்டாக்கும் கீட்டோன் இங்கேயும் காப்பாற்றுமா என்று பார்க்கக் கடற்படையே பணம் கொடுத்தது.

2013இல் வந்த கட்டுரையில், ரத்தத்தில் கீட்டோனை ஏற்றும் கீட்டோன் எஸ்டர் என்ற பொருளைப் புகட்டிய எலிகளை ஐந்து வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனுக்குள் வைத்தபோது வலிப்பு வர ஐந்து மடங்குக்கு மேல் நேரம் பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் வேறு: பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை மட்டும் ஏற்றிய இன்னொரு பொருள் பலன் தரவில்லை, மற்ற இரண்டு கீட்டோன்களான அசிட்டோஅசிட்டேட்டும் அசிட்டோனும் ஏறியதில்தான் விஷயம் இருந்தது. நீ வாங்கப்போவதாகச் சொன்ன விரல்குத்தும் கீட்டோன் மீட்டர் அளப்பது அந்த பீட்டா ஒன்றைத்தான், அதனால் எண் ஏறியதும் துள்ளிக் குதிக்காதே.

2017இல் டி'அகஸ்டினோ, விண்வெளிப் பயணத்துக்காகக் கடலடியில் பயிற்சி எடுக்கும் நாசாவின் நீமோ 22 குழுவோடு ஃபுளோரிடா கடலடி ஆய்வகத்தில் பத்து நாள் தங்கியும் இருக்கிறார். பொறாமையாக இருக்கிறது.

சரி, உன் விஷயம். எலிக்குக் கிடைத்ததை வைத்து உன் சர்க்கரைக்கு மருந்து எழுத முடியாது. சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாத்திரையை நீ சாப்பிடுகிறாய் என்று போன தடவை சொன்னாய். அந்த வகை மாத்திரையோடு மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே, கீட்டோன் அளவுமீறிப்போகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம், சர்க்கரை மீட்டரில் 150, 200 என்று பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று படுத்துக்கொள்வாய், உள்ளே ரத்தம் அமிலமாகிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அந்த அளவுக்குப் போகாமலிருக்க, சோற்றை நிறுத்துவதற்கு முன்னால் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டைக் காட்டிக் கேள், நீயாக மாத்திரையையும் நிறுத்திவிடாதே.

அவர் என்ன சொன்னார் என்று எழுது. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமு