ஆண்டறிக்கை 2024–25: அடுக்குமாடி உரிமையாளர் நலச் சங்கம், சென்னை

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் கூடியது. சுதந்திர தினமும் பொங்கலும் வழக்கம்போல் நடந்தன. தண்ணீர்த் தொட்டிகள் இரு முறை கழுவப்பட்டன. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

இந்த ஆண்டின் பெரிய வேலை மொட்டை மாடிக்கு நீர்க்காப்புப் பூச்சு அடித்தது. நான்கைந்து வருடத்தில் மறுபூச்சு அடிக்கும் செயற்குழுவுக்கு உதவும் என்பதால் அதை விரிவாகவே பதிவு செய்கிறேன்.

பழைய பூச்சு பாசியின் மேலேயே அடிக்கப்பட்டிருந்தது. அப்பளம்போல் உரிந்து வந்தது. அதை முழுக்கச் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் பாசியைக் கொன்று, கம்பி பிரஷ் போட்டுக் கழுவினோம். தட்டோடுகளைத் தட்டிப் பார்த்து, ‘டொக்’கென்று வெற்றுச் சத்தம் வந்தவற்றைப் பெயர்த்து மறுபடி பதித்தோம். தண்ணீர் தேங்கிய இரண்டு இடங்களில் மழைநீர்க் குழாயை நோக்கி வாட்டம் சரிசெய்யப்பட்டது. அக்ரிலிக் பூச்சு மழையைத் தாங்கும். நாள்கணக்கில் தேங்கும் தண்ணீரைத் தாங்காது.

ஈரம் பார்க்க, ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் டேப் ஒட்டி இரவு முழுக்க விட்டோம். மேல்தொட்டிப் பக்கம் மட்டும் காலையில் தாளின் அடியில் முத்து முத்தாக நீர். தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் கசிந்து, ஓட்டுக்கு அடியில் உள்ள சுருக்கித் தளம் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) ஊறியிருந்தது. குழாயை மாற்றி, அந்தத் தளம் காயும்வரை பூச்சை நிறுத்தி வைத்தோம். தாமதம் என்று சிலர் குறைபட்டார்கள்; ஈரத்தை உள்ளே வைத்து மூடினால் அதே இடத்தில் கொப்புளம் கிளம்பும்.

விரிசல்களை ‘வி’ வடிவில் 10 மி.மீ. வெட்டி அடைத்தோம். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் சாய்வுப் பூச்சு. பிரைமர் காய்ந்தபின் முதல் கோட். அது ஈரமாக இருக்கும்போதே ஃபைபர் மெஷ்ஷை மூன்று அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பதித்தோம். ஆறு மணி நேரம் கழித்து அதற்குக் குறுக்காக இரண்டாவது கோட், மறுநாள் மூன்றாவது. சுவரில் ஓர் அடி உயரம்வரையும், குழாய் வாய்க்கு உள்ளேயும் பூச்சு போயிருக்கிறது. தளம் கொதிக்கும்போது அடித்தால் மேல்தோல் காய்ந்து உள்நீர் மாட்டிக்கொள்ளும். ஆகவே காலை பத்து மணிக்குள்ளும் மாலை நான்குக்குப் பிறகும்தான் வேலை. ஏப்ரல் 19 தேர்தலுக்கு ஊருக்குப் போன ஆட்கள் திரும்பி வந்து, அக்னி நட்சத்திரத்துக்கு முன் முடித்துக் கொடுத்தார்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. சுவர் ஓரம் உட்பட 250 சதுர மீட்டர். பூச்சில் பாதிக்குப் பாதி காய்ந்து போய்விடும், ஒரு மி.மீ. நிற்கச் சதுர மீட்டருக்கு 2 லிட்டர் வேண்டும். அதாவது 20 லிட்டர் வாளி 25. குறைந்த விலைப்புள்ளியில் 10 வாளிதான் இருந்தது. அதில் அரை மி.மீ.கூட நிற்காது. ‘ஏன் மலிவானதை விட்டீர்கள்’ என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். காலி வாளிகளை எண்ணிய பிறகே பணம் கொடுத்தோம். ரோலர் இலகுவாக ஓட ஆட்கள் தண்ணீர் கலப்பதைத் தடுக்கக் கூடவே ஒருவர் நிற்க வேண்டியிருந்தது. அப்படி முறைபோட்டு நிற்கப் பெயர் கொடுத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் வரவில்லை.

ஏழு நாள் கழித்துக் குழாய்களை அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீரை 48 மணி நேரம் நிறுத்திப் பார்த்தோம். கசிவில்லை. நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல் மழையிலும் மேல்மாடி வீடுகளின் கூரையில் ஓதம் காணவில்லை.

இந்த வேலைக்கான சிறப்பு வசூலில் ஐந்து வீடுகள் இன்னும் பாக்கி. ‘ஒழுகுவது மேல்மாடியில், தரைத்தளத்துக்கு என்ன?’ என்கிறார்கள். மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. ஒவ்வொருவர் பத்திரத்திலும் பிரிபடாத பங்கு இருக்கிறது. கூரையில் இறங்கும் நீர் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தால் பலவீனமாவது முழுக் கட்டடமும்தான். இதை எடுத்துச் சொல்லக் கூட்டிய பொதுக்குழுவும் கோரம் (குறைந்தபட்ச வருகை எண்ணிக்கை) இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டது.

வரவு செலவு தணிக்கையாகி அறிவிப்புப் பலகையில் உள்ளது. பற்றாக்குறை வைப்புநிதியிலிருந்து சமாளிக்கப்பட்டது. தலைவர், பொருளாளர், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

பூச்சின் மேல் துணிக்கொடிக் கம்பத்துக்கோ டிஷ் ஆன்டெனாவுக்கோ யாரும் துளை போட வேண்டாம். ஒரு போல்ட் போதும், தண்ணீர் வழி கண்டுபிடித்துவிடும். செப்டம்பரில் குழாய் வாய்களில் சருகு அள்ள ஆள் வேண்டும். வரும் ஆண்டில் கழிவுநீர்க் குழாய்களை மாற்றியாக வேண்டும். வைப்புநிதி இப்போதிருக்கும் நிலையில் புதிய செயற்குழு அதைத் தொடங்குவது கடினம். பாக்கி வைத்துள்ளவர்கள் ஜூன் மாதத்துக்குள் பொருளாளரிடம் செலுத்தினால் மழைக்கு முன் வேலையைத் தொடங்கலாம். தவணையாகக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறோம்.

செயலாளர்