பூட்டி சொன்ன சொல்

அன்புள்ள மகளுக்கு,

குடும்ப வரலாறு எழுதுகிறேன் என்று சொல்லி, "பூட்டி எந்த வருஷம்மா மதம் மாறினாங்க?" என்று போனில் கேட்டாய். நான் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். வருஷம் எனக்குத் தெரியும். அந்தச் சொல்தான் உறுத்தியது. "மதம் மாறினேன்" என்று என் ஆச்சி ஒருநாளும் சொல்லி நான் கேட்டதில்லை.

"வேதத்துக்கு வந்தேன்" என்பாள். திருநெல்வேலிப் பக்கம் அப்போது கிறிஸ்தவர்கள் என்றால் வேதக்காரர்கள், சர்ச் என்றால் வேதக்கோயில். சில சமயம் "நான் குணப்பட்ட வருஷம்" என்றும் சொல்வாள். ஏதோ பெரிய காய்ச்சல் வந்து தேறியிருக்கிறாள் என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். ரொம்ப நாள் கழித்து, அப்போஸ்தலர் நடபடிகள் மூன்றாம் அதிகாரத்தில் "மனந்திரும்பிக் குணப்படுங்கள்" என்று வாசித்தபோதுதான் பிடிபட்டது. கிரேக்க மூலத்தில் அந்த இடத்தில் இரண்டு சொற்கள்: ஒன்று மனம் மாறுவது, மற்றது திரும்பி வருவது. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி, அந்த இரண்டாவது சொல்லைத்தான் தன் வாழ்க்கைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மாறினாள் என்றால் அவளாகச் செய்தது. மாற்றினார்கள் என்றால் வேறு யாரோ அவளுக்குச் செய்தது. மதமாற்றம் என்ற சொல்லில் இந்த இரண்டும் கலந்துவிடுகிறது பார். 2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்த சமயம், அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் கூடவே "யார் மாற்றினது?" என்ற கேள்வியும் வரும். ஆச்சிக்கென்று ஒரு மனம் இருந்திருக்குமே என்று எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

சமணத்தில் தருமசேனராக இருந்த அப்பர், திருவதிகையில் அக்காள் திலகவதியாரிடம் வந்து சேர்ந்ததைச் சைவர்கள் "மீண்டார்" என்பார்கள். அவரை இழந்த சமணர்களிடம் கேட்டிருந்தால் வேறு சொல் கிடைத்திருக்கும். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தத்தில் சேர்ந்ததற்குப் பெயர் தீட்சை. அந்த இடத்துக்கே தீட்சாபூமி என்று பெயர் வந்துவிட்டது. முஸ்லிம்கள் "இஸ்லாத்தைத் தழுவினார்" என்பார்கள். வாசலுக்குள் நிற்பவர்களுக்கு ஒரு சொல், வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு சொல். நீ ஆச்சியின் கொள்ளுப்பேத்தி. வெளியே நின்று எழுதாதே.

சரி, வருஷம் 1931. ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது. "வேதத்துக்கு வந்தாள்" என்றே எழுது. உன் பிள்ளைகளுக்குப் புரியாது என்று தோன்றினால் பக்கத்தில் பொருளையும் போட்டுக்கொள். அவளுடைய பழைய பெயரையும் விட்டுவிடாதே. அவள் அண்ணன் வேதத்துக்கு வரவில்லை. கடைசிவரை அந்தப் பழைய பெயரைச் சொல்லித்தான் வாசலில் நின்று கூப்பிடுவார். ஆச்சியும் "வந்துட்டேன்ணே" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவாள்.

அன்புடன்,
அம்மா