ஆண்டறிக்கை: ஐத்தம் மோட் மேனர் வீடும் அதன் மாற்றங்களும்

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த அறிக்கை, சங்கம் இவ்வாண்டு எடுத்துப் படித்த கட்டடத்தைப் பற்றியது மட்டுமே. இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் செவனோக்ஸ் நகருக்குக் கிழக்கே அகழி நடுவில் நிற்கும் ஐத்தம் மோட், 14ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் எழுந்த மேனர் வீடு, அதாவது நிலக்கிழார் மாளிகை. நடு முற்றத்தைச் சுற்றி நான்கு கட்டு, எழுபதுக்கும் மேற்பட்ட அறைகள்.

அமைப்புக் குழு முதலில் பார்த்தது பெரிய கூடத்தை. இதன் ஓக் மரங்கள் 1330 வாக்கில் வெட்டப்பட்டவை என்பது மர வளையக் கணிப்பின் முடிவு. அக்காலத்தில் ஓக்கை ஈரமாகவே இழைத்துப் பொருத்தினார்கள்; உலரும்வரை கிடத்தி வைக்கும் வழக்கமில்லை. அதனால் வெட்டிய ஆண்டும் கட்டிய ஆண்டும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு எச்சரிக்கை: பட்டையை ஒட்டிய கடைசி வளையம் மரத்தில் இருந்தால்தான் ஆண்டு துல்லியமாகக் கிடைக்கும். தச்சர் அதைச் செதுக்கி எடுத்திருந்தால் சில பத்தாண்டு இடைவெளியாகத்தான் சொல்ல முடியும்.

கூடத்தின் கூரையை நடுவில் ஒரு கல் வளைவு தாங்குகிறது. வளைவு ஊன்றும் இடத்தில் சுமையால் குனிந்த மனித உருவங்களைச் செதுக்கி வைத்த சிற்பிக்கு நகைச்சுவை உண்டு. இதே காலத்துக் கூடங்கள் பலவற்றில் 16ஆம் நூற்றாண்டில் புகைபோக்கி கட்டி, இடையில் தளம் போட்டு, மேலே படுக்கையறை எடுத்துவிட்டார்கள். இங்கே தளம் போடவில்லை. கூரையை இன்றும் தரையிலிருந்தே அண்ணாந்து பார்க்கலாம்.

மாற்றங்களை வரிசையாகச் சொன்னால்: 15ஆம் நூற்றாண்டில் ஹாட் குடும்பத்தார் கூடத்துக்குப் பெரிய சாளரம் வைத்தார்கள். 1521இல் வாங்கிய ரிச்சர்ட் கிளெமென்ட் அரசவை ஆள். தன் விசுவாசத்தைக் கூரையிலேயே எழுதினார். இன்று புதிய சிற்றாலயம் எனப்படும் அறையின் வளைந்த பலகைக் கூரையில் ட்யூடர் அரச வம்சத்தின் ரோஜாவும், காஸ்டீல் நாட்டுக் கோட்டையும், அரகன் நாட்டு அம்புக்கட்டும் வரைந்திருப்பது அவர் காலத்து வேலை. மன்னர் 8ஆம் ஹென்றி தன் மனைவியான அரகனின் கேதரினை விலக்கிய பிறகு அந்த அம்புக்கட்டு சங்கடமாகியிருக்க வேண்டும். ஆனாலும் யாரும் அழிக்கவில்லை. 1591இல் வந்த செல்பி குடும்பம் ஏறத்தாழ 300 ஆண்டு இருந்தது. வரவேற்பறையின் அலங்காரக் கணப்பு, அதே அறைக்கு 18ஆம் நூற்றாண்டில் வந்த வெனிஸ் பாணிச் சாளரம், கையால் வரைந்த சீனச் சுவர்த்தாள் எல்லாம் அவர்கள் காலத்தவை. 1870களில் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா கூடத்துச் சுவருக்கு மரப்பலகை போட்டார். 1889இல் வாங்கிய காலியர்-ஃபெர்குசன் பழுது பார்த்ததோடு நிற்கவில்லை. முற்றத்தில் தன் செயின்ட் பெர்னார்ட் நாய்க்கு ஒரு கூண்டு வைத்தார். வீட்டோடு சேர்ந்து அதுவும் இன்று முதல்தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது.

1951இல் வீடு விற்பனைக்கு வந்தபோது, கூரை ஈயத்துக்காகவே இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. உள்ளூர் வணிகர் மூவர் சேர்ந்து வாங்கி அதைத் தடுத்தார்கள். 1953இல் அமெரிக்கரான சார்லஸ் ஹென்றி ராபின்சன் வாங்கினார். 1985இல் அவர் மறைந்ததும் வீடு, பழைய கட்டடங்களைக் காக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டுக்குப் போனது. 1989 முதல் 2004 வரை ஒரு கோடி பவுண்டுக்கு மேல் செலவிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்து, பதிவு செய்து, திரும்பப் பொருத்தினார்கள்.

இனி பழுதுக் குழுவின் கண்டுபிடிப்புகள். உறுப்பினர்கள் அதிகம் கேள்வி கேட்டது இதில்தான். இத்தகைய கட்டடத்தில் கீழே கென்ட் ராக்ஸ்டோன் எனும் உள்ளூர்ச் சுண்ணக்கல்லாலான சுவர், மேலே மரச்சட்டம். சட்டங்களின் இடைவெளியில் முதலில் இருந்தது படலும் மண்பூச்சும்: குச்சிப் படலைப் பள்ளத்தில் செருகி, களிமண், நறுக்கிய வைக்கோல், சாணம் குழைத்து அப்பியது. எடை குறைவு, ஈரம் வாங்கினாலும் விட்டுவிடும். பிற்காலத்தில் அதை எடுத்துவிட்டுச் செங்கல் அடைத்தால் எடை கூடுகிறது, ஈரம் சட்டத்தை ஒட்டியே தங்குகிறது. முதலில் போவது அடிச்சட்டம். அதில் செருகிய செங்குத்துச் சட்டங்களின் நாக்குகள் அடுத்துப் போகும்.

சிமெண்ட் பூச்சு அதைவிட மோசம். சுவர் குடித்த நீர் கல் இணைப்புகள் வழியே வெளியேற வேண்டும். சிமெண்ட் அந்த வழியை அடைத்தால் நீர் கல் வழியே போகும். உறைபனியில் கல்லின் முகம் பெயரும். மாற்று வழி பழைய வழிதான்: 1 பங்கு சுண்ணாம்புக் களிம்புக்கு 3 பங்கு கூர்மணல். இணைப்பை முதலில் நனைக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் தொடக்கூடாது. பூசிய பின் பல நாள் ஈரக் கோணி போர்த்த வேண்டும். அவசரப்பட்டால் கலவை மாவாக உதிரும்.

மரத்தைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டைப் பற்றி ஒரு தெளிவு. அது உலர்ந்த ஓக்கை அதிகம் சீண்டுவதில்லை. ஈரத்தால் பூஞ்சை பிடித்து மென்மையான மரத்தைத்தான் தேடும். புழு உள்ளேயே பல ஆண்டு தின்னும்; வெளியே தெரியும் துளை வண்டு புறப்பட்ட வழி. மருந்து அடித்துவிட்டு ஒழுகலை விட்டுவைத்தால் பயன் இல்லை. முதலில் ஓடு, ஈயம், நீர்த்தாரை, அதன் பிறகே வண்டு.

செத்த நுனியை வெட்டிப் புது ஓக் ஒட்டும்போது, சாய்வெட்டின் நீளம் சட்டத்தின் உயரத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. சாதாரண இரும்புத் திருகாணி வேண்டாம். ஓக்கின் துவர்ப்பு அதை அரித்து மரத்தையும் கருக்கும். துருப்பிடிக்காத எஃகு அல்லது ஓக் முளை போதும். முளைத்துளையைச் சற்றே விலக்கித் துளைத்தால், அடிக்கும்போது பொருத்து தானே இறுகும். ஓடுகளில் 1477ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்த அளவு 10½ அங்குல நீளம், 6¼ அங்குல அகலம். மேலோடு கீழோட்டை நன்றாக மூடும்படி ரீப்பர்களை நெருக்கி அடிக்க வேண்டும். ஓடு மிச்சம் பிடிக்க இடைவெளியைக் கூட்டியவர்கள் பிறகு கைமரத்துக்குச் செலவிட்டார்கள்.

எந்தக் காலத்துக்குத் திருப்புவது என்ற விவாதம் செயற்குழுவில் நீண்டது. நேஷனல் டிரஸ்ட் ஒரு நூற்றாண்டைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அழிக்கவில்லை. ராபின்சனின் நூலகம்கூட அப்படியே இருக்கிறது. செயற்குழுவில் பெரும்பான்மை இதை ஏற்கிறது. ஷாவின் பலகைகளை எடுத்துவிட வேண்டும் என்ற கருத்தும் பதிவாகியுள்ளது.

அதனால் வரும் ஆண்டுக்கு எதிர்வழியில் போன வீடு ஒன்றை முன்மொழிகிறோம்: வில்ட்ஷர் மாவட்டத்தின் கிரேட் சால்ஃபீல்ட் மேனர். தாமஸ் ட்ராப்னெல் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த வீட்டை, 1836இல் எடுத்த அளவு வரைபடங்களைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் ஹரால்ட் பிரேக்ஸ்பியர் பழைய வடிவுக்கு மீட்டார். தீர்மானம் இப்போது வாக்கெடுப்புக்கு வருகிறது. ஓடு, சுண்ணாம்பு மாதிரிகளைக் கொண்டுவந்த உறுப்பினர்கள் கூட்டம் முடிந்ததும் திரும்பப் பெற்றுக்கொள்ளவும்.

செயலாளர்