இது வேறு வண்டு, அது வேறு வண்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் வந்த கருவண்டின் படம் அருமை. ஆனால் அதன் கீழே 'வட ஆப்பிரிக்கா முதல் தமிழ்நாடு வரை வாழும் டாமினோ வண்டு' என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டு வண்டுகளை ஒன்றாக்கிவிட்டீர்கள்.

படத்தில் இருப்பது ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா. மத்திய இந்தியாவிலும் தென்னிந்தியாவிலும் வாழும் தரைவண்டு. வட ஆப்பிரிக்கப் பாலைவனங்களில் இருப்பதோ ஆந்தியா செக்ஸ்மாகுலாட்டா. இரண்டு பெயருக்கும் ஆறு புள்ளி என்றுதான் பொருள். இரண்டுக்கும் பெயர் வைத்தவரும் ஒருவரே, டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபாப்ரிசியஸ். நம்முடையதற்கு 1775-ல், மற்றதற்கு 1787-ல். இவ்வளவு நெருக்கமாகப் பெயர் வைத்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? போதாததற்கு 'டாமினோ' என்ற செல்லப்பெயரையும் இரண்டுக்கும் சொல்கிறார்கள். இணையத்தில் ஒன்றின் படத்தோடு மற்றதன் ஊரைப் போட்டுவிடுகிறார்கள்.

இந்த வண்டால் பறக்க முடியாது. போகிற இடத்துக்கெல்லாம் நடந்தேதான் போக வேண்டும். அதனால் அது எங்கே இருக்கிறது என்று சரியாகக் குறித்து வைப்பது முக்கியம். ஒரு புதர்க்காட்டை மனை போட்டு விற்றுவிட்டால், பக்கத்துக் காட்டிலிருந்து பறந்து வந்து நிரப்ப அதற்கு வழியில்லை. வாசகர் படங்களோடு ஊரையும் மாதத்தையும் சேர்த்து வெளியிட்டால் பிற்காலத்தில் யாருக்காவது உதவும்.

இன்னொன்று. இதே நிறத்தில், ஏழு வெண்புள்ளிகளோடு ஒரு கரப்பானும் தென்னிந்தியாவில் உண்டு. வண்டு ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர் வளரும். கரப்பான் அதைவிடச் சிறியது. வண்டின் கழுத்துப் பக்கம் இரண்டு புள்ளி, முதுகில் நான்கு. கரப்பானை வண்டு என்று யாராவது அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உயிர்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758-ல் அந்தக் கரப்பானை வண்டுகளோடுதான் சேர்த்து வைத்தார்!

அப்புறம், திருத்தம் போடும்போது வண்டைக் கையில் பிடிக்க வேண்டாம் என்றும் ஒரு வரி சேருங்கள். சீண்டினால் எரிச்சல் தரும் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சி அடிக்கும். முகத்தருகே வைத்துப் படம் எடுக்கும் பிள்ளைகளுக்குக் கண்ணில் பட்டால் ஆபத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை