திண்டுக்கல் செல்போன் கடைத் தம்பிக்கு

தம்பி, அன்று உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். 2020 ஜூலை. பஸ் ஓடாத பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உங்கள் சின்னக் கடை. ரீசார்ஜ் செய்ய வந்த கணக்கு டீச்சர் நான்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு ரேடியோவின் குமிழை அப்பா மட்டும்தான் திருப்புவார். இலங்கை வானொலி பாடும்போது பக்கத்தில் உட்காரலாம், தொடக் கூடாது. அந்தப் பயம் என் கையிலேயே தங்கிவிட்டது. பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோதும் சாக்பீஸ் போதும் என்றுதான் இருந்தேன்.

ஊரடங்கில் பள்ளி மூடியது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஸ்மார்ட்போனே இல்லை. அவர்களுக்குக் கல்வி தொலைக்காட்சிதான். மீதிப் பேருக்காவது பின்னக் கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டுமே என்று தவித்தேன்.

நான் எதுவும் கேட்கவில்லை. "டீச்சருங்களா? உக்காருங்க" என்றீர்கள். ஒரு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, கேமரா அந்த ஓட்டை வழியாகக் கீழே பார்க்கிற மாதிரி மேலே போனை வைத்து, "கீழ நோட்டை வச்சு எழுதுங்க, கை மட்டும் தெரியும்" என்று காட்டினீர்கள். அப்புறம் பில்லின் பின்பக்கம் எந்தப் பொத்தானுக்கு அப்புறம் எது என்று படம் போட்டே எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு மணி நேரம். ரீசார்ஜ் காசு மட்டும் வாங்கிக்கொண்டீர்கள்.

அந்தப் பெட்டியை வைத்துத்தான் அந்த வருடம் முழுக்கப் பாடம் எடுத்தேன். இப்போது அங்கே வேறு கடை இருக்கிறது. மை மங்கிய அந்த பில் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. இதைப் படித்தால் ஒரு வார்த்தை எழுதுங்கள், தம்பி. ரொம்ப நன்றி.