பறை காய்ச்ச ஓர் அடுப்பு வேண்டும், செயலாளர் சார்

மதிப்பிற்குரிய சபா செயலாளருக்கும் கமிட்டியினருக்கும் வணக்கம்.

இந்த மார்கழிக்கான கச்சேரிப் பட்டியல் நேற்று கைக்கு வந்தது. போன வருடம் இருந்த பறை இந்த வருடம் இல்லை. போனில் கேட்டதற்கு "மெம்பர்களுக்கு இஷ்டமில்லை" என்றீர்கள். நானும் மெம்பர்தான் சார், 19 வருடமாகச் சந்தா கட்டுகிறேன், என்னை யாரும் கேட்கவில்லை.

போன வருடம் நடந்தது உங்களுக்கே தெரியும். ஹால் கிடையாது, கார் நிறுத்தும் இடம், பகல் 12 மணி. அதைக்கூட விடுங்கள். தோலைக் காய்ச்ச நெருப்பு மூட்டக் கூடாது என்று வாட்ச்மேனை விட்டுச் சொல்ல வைத்தீர்களே, அதுதான் மனசு ஆறவில்லை. முந்தின நாள் மழை. ஈரத்தில் தொய்ந்துபோய், தட்டினால் அட்டைப்பெட்டி மாதிரி 'பொத்' என்றது. அடிக்க வந்த ஆறு பையன்களும் பறையைத் தூக்கிக்கொண்டு எதிர் டீக்கடைக்குப் போய், பால் பாத்திரத்தை இறக்கி வைக்கச் சொல்லி, அந்த அடுப்பில் ஒவ்வொன்றாகக் காட்டிக் காய்ச்சி வந்தார்கள். அன்று சாயங்காலம் உள்ளே மிருதங்க வித்வான் கல்லும் கட்டையுமாகச் சுருதி சேர்த்து முடிக்கும்வரை நாமெல்லாம் வாய்மூடிக் காத்திருந்தோம். அந்த மிருதங்கத்திலும் மாட்டுத்தோல் இருக்கிறது சார்.

உண்மையைச் சொல்கிறேன், நான் பறை கேட்க வரவில்லை. கேன்டீன் அடைக்குத்தான் வந்தேன். முதல் கால் மணி நேரம் காது வலித்தது. பழக்கதோஷத்தில் தொடையில் ஆதி தாளம் போட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. அப்புறம் ஒரு பையனின் இடது கையை மட்டும் பார்த்தேன். அந்த நீளமான சுண்டுக்குச்சி மெல்லிசாகக் கணக்கை ஓட்டிக்கொண்டே இருக்க, வலது கை அடிக்குச்சி அதன்மேல் விளையாடியது. தாளம் போடுவதை விட்டுவிட்டேன், கால் தானாகத் தட்டியது. அடை ஆறிப்போனது.

வயலின் எங்கிருந்து வந்தது? மேண்டலினும் சாக்ஸபோனும் நம் பாட்டி காலத்துச் சாமான்களா? கடல் தாண்டி வந்ததெல்லாம் மேடை ஏறலாம், நம் ஊர்த் தெருவில் அடிப்பது மட்டும் கார் பக்கத்தில் நிற்க வேண்டும். பறைக் கலைஞர் மதுரை வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தாயிற்று, நம் சபாவுக்கு இன்னும் தகவல் வரவில்லை போலிருக்கிறது. மெம்பர் இஷ்டம் என்கிறீர்கள், மிருதங்கம் தனியாக வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் பாதிப் பேர் எழுந்து காபிக்குப் போகிறார்கள், அதற்காக மிருதங்கத்தை நிறுத்திவிட்டீர்களா?

சரி, கோபத்தில் அதிகம் பேசிவிட்டேன், மன்னிக்கவும். கேட்பது இவ்வளவுதான்: பறையைப் பட்டியலில் திரும்பச் சேருங்கள். உள்ளே, மேடையில், ஒரு சாயங்கால நேரம் கொடுங்கள். காய்ச்சுவதற்குப் பின்பக்கம் கேன்டீன் அடுப்பில் பத்து நிமிடம் போதும். தீ பயம் என்றால் ஒரு வாளி தண்ணீரோடு நானே பக்கத்தில் நிற்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது வரிசை ஓரத்து சீட் மெம்பர்